40 ரேண்ட் சாமானுக்கு 400 ரேண்டா? உதிரிப் பாகம் வாங்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் உள்ளங்கையில் பாதிகூட இராது. அது உடைந்தால் வீட்டில் சட்னி கிடையாது. கடையில் கேட்டால் தனியாக வராது, ஜாரோடுதான் வரும் என்கிறார்கள். தனியாகக் கிடைத்தாலும், விலையைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் போட்டு மிக்ஸியையே வாங்கிவிடலாமோ என்று தோன்றுகிறது. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆனாலும் ஜோஹனஸ்பர்க்கில் லெனேஷியா, ஃபோர்ட்ஸ்பர்க் ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: கம்பெனி சொல்லும் விலையை அழுதுவிடுவதா, வெளியில் கிடைப்பதைப் போடுவதா, ஊரிலிருந்து வரவழைப்பதா, மெஷினையே மாற்றுவதா?

விலையிலிருந்து தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது. கெட்டுப்போன பாகத்தைக் கையில் எடுத்து, அது எந்த வகை என்று பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மெஷினை இங்கேயே கடையில் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் எந்தப் பாகத்தையும் தேடாதீர்கள். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008-இன் 68-ஆம் எண்) 56-ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுநீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று கேட்கும் உரிமை உங்களுடையது. நீங்களே ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுப் போய் நின்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

## முதலில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பாகம் எந்த வகை? மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது அளவுப் பாகம்: பேரிங், பெல்ட், ஓ-ரிங், கெபாசிட்டர், கார்பன் (மோட்டாரின் கார்பன் பிரஷ்). இவற்றுக்கு உலகம் முழுக்கப் பொது அளவுகள் உண்டு. இரண்டாவது அச்சுப் பாகம்: கப்ளர், குமிழ், கதவுக் கொக்கி, மூடி. ஒரு கம்பெனியின் அச்சில் வார்த்தவை. மற்றது பொருந்தாது, இல்லாவிட்டால் பொருந்துவது போலக் காட்டி ஒரு மாதத்தில் காலை வாரும். மூன்றாவது காவல் பாகம்: குக்கரின் சேஃப்டி வால்வ், கீசரின் பிரஷர் வால்வ், தெர்மல் ஃபியூஸ். ஏதாவது தப்பானால் ஆளைக் காப்பதற்காகவே இருப்பவை.

ஏன் போனது? இதைக் கேட்காமல் வாங்கும் பாகம் பெரும்பாலும் இரண்டாம் முறையும் போகும். கீழே மிக்ஸியை வைத்து விளக்குகிறோம்.

கூலி எவ்வளவு? பாகம் 60 ரேண்ட், கூலி 600 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பாகத்தில் 20 ரேண்ட் மிச்சம் பிடிக்க மட்டமானதைப் போடுவது அறிவீனம். கூலியே இல்லாமல் நீங்களே மாட்டும் பாகத்தில் மலிவானதைப் பரீட்சித்துப் பார்ப்பதில் தவறில்லை.

எத்தனை நாள் பொறுக்கலாம்? கிரைண்டர் மூன்று வாரம் சும்மா நிற்கலாம், புரட்டாசி மாதம் நடுவில் இல்லையென்றால். ஃப்ரிட்ஜ் மூன்று நாள்கூட நிற்க முடியாது.

## கம்பெனிப் பாகம்

அந்த விலையில் பிளாஸ்டிக்கின் பங்கு மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான எண்களில் ஒன்றாக அதை வருடக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்கும் செலவு, தேடி எடுத்துக் கவரில் போட்டு அனுப்பும் செலவு, மேலே 15 சதவீத வாட். ஒரு மோட்டாரை எடுத்து அனுப்பும் ஆளுக்கும் ஒரு வாஷரை எடுத்து அனுப்பும் ஆளுக்கும் சம்பளம் ஒன்றுதானே. இதுவரை நியாயம் உண்டு. எரிச்சல் வருவது இரண்டு இடத்தில்: எல்லாரும் செய்யும் சாதாரண பேரிங்கைத் தன் எண் போட்ட கவரில் வைத்துப் பல மடங்குக்கு விற்பது, ஒரு ரப்பர் வளையத்தைத் தனியாகத் தராமல் முழுத் தொகுப்பையும் தலையில் கட்டுவது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது: வாஷிங் மெஷினுக்குக் குறிப்பிட்ட உதிரிப் பாகங்கள் 10 வருடம், ஃப்ரிட்ஜுக்கு 7 வருடம் கிடைக்கச் செய்ய வேண்டும். இங்கே வாகனங்களுக்குப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டி 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாரண்டி காலத்திலும் வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்ய அது வழிவிடுகிறது. சமையலறைச் சாமானுக்கு அந்த வழிகாட்டி பொருந்தாது.

கம்பெனிப் பாகமே சரியான தேர்வு: காவல் பாகம் எதுவானாலும், வாரண்டியில் இருக்கும் மெஷின், கழற்றிப் பூட்டும் கூலி அதிகமாக உள்ள அச்சுப் பாகம்.

விலை குறைய ஒரு வழி உண்டு. பாகத்தின் மேலேயே அச்சடித்த எண்ணைத் தேடுங்கள். மெஷினின் மாடல் பெயரை விட அது உதவும். ஒரே பாகம் பல பிராண்டுகளில் ஓடும். டர்பன் ஜேகப்ஸில் தொழிற்சாலை வைத்திருக்கும் டெஃபி 2011 முதல் துருக்கியின் ஆர்சலிக் கையில் இருக்கிறது. பெக்கோவும் அதே வீட்டுப் பிள்ளை. டெஃபி வாஷிங் மெஷினுக்குத் தேடுபவர்கள் அதே எண்ணைப் பெக்கோ பாகங்களிலும் தேடிப் பார்க்கலாம்.

## அளவு சொல்லி வெளியில் வாங்குவது

பணம் உண்மையில் மிச்சமாகும் இடம் இதுதான். ஆனால் கடைக்குப் போய் “வாஷிங் மெஷின் பேரிங் வேணும்” என்று கேட்டால் வாஷிங் மெஷின் விலையில்தான் கிடைக்கும். பேரிங் கடைக்குப் போய் “6205-2ஆர்எஸ் ஒன்று” என்று கேளுங்கள்.

பேரிங். பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6202 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6204 என்றால் 20, 47, 14. 6205 என்றால் 25, 52, 15. எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து இந்த மூன்று அளவையும் எடுத்தால் போதும். பின்னால் வரும் 2ஆர்எஸ் என்பது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்பது தகட்டு மூடி. தண்ணீரும் மாவும் படும் இடத்துக்கு ரப்பர் மூடிதான் வேண்டும். டர்பனின் உப்புக் காற்றுக்குத் தகட்டு மூடி தாங்காது.

பேரிங் மாற்றும்போது நடக்கும் பெரிய தவறு, பக்கத்தில் இருக்கும் ஆயில் சீலை அப்படியே விடுவது. பேரிங்கைக் கொன்றதே அந்தச் சீல் வழியாக வந்த தண்ணீர்தான். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வாஷிங் மெஷின் தொட்டிக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்ட வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் பள்ளம் விழுந்து முதல் நாளே உறுமும். சில வாஷிங் மெஷின்களில் தொட்டி இரண்டு பாதியாகக் கழலாமல் ஒட்டியே வரும். அதில் பேரிங் எவ்வளவு மலிவானாலும் பயனில்லை. பிரிப்பதற்கு முன் தொட்டியைச் சுற்றி போல்ட் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட். வாஷிங் மெஷின் பெல்ட்டில் 1270 ஜே5 என்பது போல இருக்கும். 1270 மி.மீ. நீளம், ஜே வகைப் பள்ளம், ஐந்து வரி. வி-பெல்ட்டில் ஏ26 என்றால் மேல் அகலம் 13 மி.மீ. கொண்ட ஏ வகை, உள்சுற்று 26 அங்குலம். எழுத்து தேய்ந்துபோன பெல்ட்டை அப்படியே எடுத்துப் போங்கள். நூல் வைத்து அளந்தால் இழுபட்ட அளவுதான் வரும்.

கார்பன். மிக்ஸி ஓடும்போது தீப்பொறி பறந்து கருகிய வாடை வந்தால் கார்பனைப் பாருங்கள். நீளம் 5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம். கை டிரில், கிரைண்டிங் மெஷின்களுக்கு விற்கும் கார்பனில் பல அளவு உண்டு. அகலமும் தடிப்பும் ஒத்துவர வேண்டும். இம்மி பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துக் கொள்ளலாம், சிறிதாக இருந்தால் கூண்டுக்குள் ஆடி இன்னும் பொறி பறக்கும். இரண்டையும் ஜோடியாக மாற்றி, ஜார் வைக்காமல் சில நிமிடம் விட்டுவிட்டு ஓட விடுங்கள்.

கெபாசிட்டர். கிரைண்டர் “ம்ம்ம்” என்று முனகுகிறது, சுற்றவில்லை, கையால் கல்லைத் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். மைக்ரோஃபாரட் எண் அதேயாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அல்லது அதற்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். பழைய குண்டு பல்பின் இரண்டு கம்பியையும் அதன் முனைகளில் தொட வைத்து இறக்கிவிட்டுக் கை வையுங்கள்.

ஓ-ரிங். அளவு பொருந்தினால் மட்டும் போதாது. கறுப்பு நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு நல்லது. ஈபிடிஎம் ரப்பர் சுடுதண்ணீருக்கும் ஆவிக்கும் நல்லது, ஆனால் வாசலினோ மிஷின் எண்ணெயோ தடவினால் ஊதிப் போகும். சாப்பாடு படும் இடத்துக்கு உணவுத் தர சிலிக்கான், தடவ சிலிக்கான் கிரீஸ்.

மறைந்த செலவு: பெயர் போட்ட பேரிங்கிலும் போலி உலவுகிறது; எல்லாரும் சொல்லும் விலையில் கால் பங்குக்குக் கொடுத்தால் வாங்க வேண்டாம். இன்னொன்று, பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்தால் மெக்கானிக் அதற்குப் பொறுப்பேற்கத் தயங்குவார். மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி பழுது பார்ப்பவர் போடும் பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. அதன் 67-ஆம் பிரிவுப்படி கழற்றிய பழைய பாகத்தை, வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை, அவர் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள், எதை மாற்றினார் என்பதற்கு அதுவே சாட்சி.

## ஊரிலிருந்து வரவழைப்பது

இந்திய மிக்ஸி, கோயம்புத்தூர் கிரைண்டர், குக்கர் ஆகியவற்றின் அச்சுப் பாகங்களுக்கு இதுதான் பெரும்பாலும் மலிவு. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார், கெபாசிட்டர், சுவிட்ச் எல்லாம் அப்படியே ஒத்துவரும். பெரிய 16 ஆம்பியர் இந்தியப் பிளக் இங்கே பழைய மூன்று முள் சாக்கெட்டில் ஏறிவிடும்; மிக்ஸியின் சிறிய பிளக் ஏறாது, அதை வெட்டிவிட்டு உள்ளூர் பிளக் மாட்டுவது அடாப்டரை விட நல்லது.

கொரியரில் தனியாக ஒரு கப்ளரை வரவழைப்பது அநியாயச் செலவு. போக்குவரத்து, சுங்கம், வாட், கொரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து, உள்ளூரில் எந்த விலையைப் பார்த்துக் கோபப்பட்டீர்களோ அதைத் தாண்டிவிடும். யாராவது ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் போட்டுவரச் சொன்னால்தான் கணக்கு சரிவரும். அப்போதும் தவறான பாகம் வந்து சேர்ந்தால் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே “ப்ரீத்தி மிக்ஸி கப்ளர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா” என்று அனுப்பாதீர்கள். மாமாவுக்கு இவை தேவை:

- மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளின் படம், மாடல் பெயர் படிக்கும்படியாக
- பழைய பாகத்தின் மேல், கீழ், பக்கவாட்டுப் படங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து
- வெளி விட்டம், உயரம், பற்களின் எண்ணிக்கை, நடு ஓட்டையின் மரை எந்தப் பக்கம்
- குக்கர் கேஸ்கெட் என்றால் எத்தனை லிட்டர், மூடி உள்ளே போகும் வகையா, மேலே மூடும் வகையா

வாங்கும்போது ஒன்றுக்கு மூன்றாக வாங்கச் சொல்லுங்கள். கேஸ்கெட் மட்டும் இரண்டுக்கு மேல் வேண்டாம். ரப்பர் சும்மா இருந்தாலும் வருடம் போகப் போக இறுகும்.

### கப்ளர் மாற்றும் முன்

கப்ளர் உடைந்தால் உடனே கப்ளர் வாங்க ஓடுகிறோம். ஜாரைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியைப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருக்கிறதா? பிளேடை விரலால் மெல்லச் சுழற்றுங்கள், தடையில்லாமல் சுற்றுகிறதா? இறுக்கமாக இருந்தால் குற்றவாளி, பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ். உள்ளே சீல் தேய்ந்து, மசாலாத் தண்ணீர் இறங்கி, தண்டு புஷ்ஷில் பிடித்துக்கொண்டது. மோட்டார் இழுக்க, பிளேடு நகர மறுக்க, நடுவில் இருந்த கப்ளர் பல் உடைந்தது. அது உடைவதற்காகவே மென்மையாகச் செய்த பாகம். இல்லாவிட்டால் மோட்டார் கருகியிருக்கும். உடையவே கூடாது என்று இரும்புக் கப்ளர் தேடுபவர்கள், 50 ரேண்டைக் காப்பாற்ற மோட்டாரைப் பணயம் வைக்கிறார்கள்.

திருகு வகைக் கப்ளர்களில், ஓட ஓட இறுகும்படி மரை வெட்டியிருப்பார்கள். ஜாரில் பிளேடைத் தடித்த துணியால் பிடித்துக்கொண்டு, ஓடும்போது கப்ளர் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். மோட்டார் மேலே இருக்கும் கப்ளருக்கு நேர்மாறு: மோட்டார் சுற்றும் பக்கமே திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் கொண்டு முறுக்கித்தான் பலர் தண்டையே கெடுக்கிறார்கள்.

## கழற்றியது, ஒட்டியது, அச்சிட்டது

பழைய மெஷினிலிருந்து கழற்றிய குமிழ், மூடி, கதவுக் கொக்கி, கண்ணாடித் தட்டு ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். பழைய ரப்பர், பழைய பேரிங், பழைய ஹீட்டர் எலிமென்ட் வேண்டாம். அவற்றின் ஆயுளை ஏற்கெனவே யாரோ சாப்பிட்டுவிட்டார்கள்.

3டி பிரிண்டில் செய்து தருபவர்கள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். குமிழுக்கும் கிளிப்புக்கும் சரி. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும் என்பதால் அடுப்புப் பக்கமோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்க முடியாது. கப்ளருக்கு ஒத்துவராது.

சர்க்யூட் போர்டு தனிக் கதை. மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும் நேரத்து ஏற்ற இறக்கத்தில் போகும் போர்டுகள் இங்கே அதிகம். புது போர்டு மெஷினின் பாதி விலையை எட்டலாம். ஆனால் போர்டில் போயிருப்பது பல நேரம் ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், உப்பிய ஒரு கெபாசிட்டர். போர்டை மாற்றச் சம்மதிப்பதற்கு முன், பாகம் பார்த்துச் சரிசெய்யும் எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் ஒரு முறை காட்டுவது நல்லது. மைக்ரோவேவை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் உள்ளே தேங்கியிருக்கும்.

## ஒரு பார்வையில்

| பாகம் | எதைப் பார்த்து வாங்குவது | முதல் தேர்வு | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|
| பேரிங், சீல் | எண், மூன்று அளவு | பேரிங் கடை | பழையது, சந்தேக மலிவு |
| பெல்ட் | நீளம், வகை, வரி | வெளிக்கடை | நூல் வைத்து அளந்த அளவு |
| கார்பன் | அகலம், தடிப்பு | வெளிக்கடை | ஒன்றை மட்டும் மாற்றுவது |
| கெபாசிட்டர் | மைக்ரோஃபாரட், வோல்ட் | வெளிக்கடை | குறைந்த வோல்ட் |
| மிக்ஸி கப்ளர், புஷ் | மாடல், பல், மரை | ஊரிலிருந்து, மூன்றாக | இரும்பு, 3டி பிரிண்ட் |
| குக்கர் கேஸ்கெட் | கம்பெனி, லிட்டர், மூடி வகை | கம்பெனிப் பாகம் | பெயரில்லாத ரப்பர் |
| சேஃப்டி வால்வ், கீசர் வால்வ் | கம்பெனி, மாடல், அழுத்தம் | கம்பெனிப் பாகம் மட்டுமே | மற்ற எல்லாமே |

கடைசி வரிக்கு ஒரு விளக்கம். குக்கரின் சேஃப்டி வால்வில் இருப்பது குறிப்பிட்ட சூட்டில் உருகும் உலோகம். உருகிய ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தால் அடுத்த முறை உருகுவதற்கு எதுவும் இராது. கீசருக்கு எஸ்ஏஎன்எஸ் 10254 என்ற தென்னாப்பிரிக்கத் தரநிலை உண்டு. 400 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கான கீசருக்கு 600 கிலோபாஸ்கல் வால்வ் போடக் கூடாது. தகுதி பெற்ற பிளம்பர் போடாத வேலை என்றால், கீசர் வெடித்துக் கூரையில் தண்ணீர் இறங்கும் நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது பிளம்பர் தரும் சான்றுக் காகிதத்தைத்தான்.

## எப்போது புதிது வாங்குவது

பாகம், கூலி, போய்வரும் செலவு மூன்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை, அதற்குப் பிறகு மெஷின் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று நம்புகிறீர்களோ அதால் வகுங்கள். புது மெஷினின் விலையையும் அதன் ஆயுளால் வகுங்கள். உதாரணத்துக்கு, 900 ரேண்ட் செலவில் பழைய கிரைண்டர் மூன்று வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 300. புதிது 6,000 ரேண்ட், பத்து வருடம் என்றால் வருடத்துக்கு 600. பழையதுதான் ஜெயிக்கிறது. அதே 900 ரேண்டை, அடுத்த வருடம் போகப் போகும் மோட்டாருக்குப் பக்கத்தில் போட்டால் கணக்கு தலைகீழாகும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது எஸ்டிமேட் கேளுங்கள். அதைத் தயாரிக்கவே கட்டணம் உண்டு என்றால் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு. சொல்லாமல் பிரித்துப் பார்த்துவிட்டுப் பில் நீட்டினால் கொடுக்கத் தேவையில்லை.

புதிது வாங்குவது என்று முடிவானால், பழையதைப் பக்கி (பிக்கப்) வண்டியில் ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல ஜார்கள், மூடிகள், மோட்டார் கப்ளர், ரப்பர் கால்கள், சுவிட்சு, பிளக்கோடு கூடிய வயர், ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மேலே மாடல் பெயரை எழுதி ஒட்டுங்கள். அந்த மாடல் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் பக்கத்துத் தெரு அக்காவுக்குத் தேவைப்படும்.